பயணத்தின் கடைசி ஊர்

பெயர்கள் அச்சிடாத வரைபடத்தைத்தான் யுனுவென் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அம்பாரோவின் எழுதுபொருள் கடையில் மெக்சிகோ வரைபடம் இரண்டு விதமாக உண்டு. ஒன்றில் ஊர்களும் ஆறுகளும் பெயரோடு இருக்கும். மற்றதில் வெறும் கோடுதான். எதிர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் கோடு மட்டும் போட்டதைத்தான் கேட்பார்கள். பிள்ளைகள் பெயர் போட்டதையும் சேர்த்து வாங்கி, அடியில் வைத்துப் பார்த்து எழுதுவார்கள். இரண்டிலும் அம்பாரோவுக்கு வியாபாரம்தான்.

"பேர் போட்டதா எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்று அம்பாரோ அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எதுக்கும்மா? போற ஊரு எங்களுக்குத் தெரியாதா?"

எங்களுக்கு. நமக்கு என்று சொல்லவில்லை. அம்பாரோ கல்லில் கிடந்த தோர்த்தியா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது சரிதானே, போகப்போவது அவர்கள் இரண்டு பேர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் விரல் நுனி சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான் வீடு. சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரித்திருக்க, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியில் நியெவெஸின் முகம் தெரிந்தது. சிகாகோவில் பனி கொட்டுகிறதாம். கழுத்துவரை கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நியெவெஸ் அம்பாரோவின் தங்கை. யுனுவெனைப் பெற்றவள். பிள்ளைக்குப் பல் முளைத்துக் காய்ச்சலடித்துக்கொண்டிருந்த நாளில், அக்காவின் கையில் அதைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள். இந்தச் சமோரா ஊரில் யாரும் அமெரிக்கா என்று சொல்வதில்லை, அந்தப் பக்கம் என்பார்கள். குடியேறும் தாளில்லாமல் போனவள் திரும்பி வந்தால் மறுபடி கடக்க முடியாது என்பதால் வரவே இல்லை. பணம் வந்தது, பொம்மை வந்தது, அப்புறம் ஞாயிறுதோறும் முகம் வந்தது. இப்போது அங்கே ஒருவனைக் கல்யாணம் செய்து, தாளும் கிடைத்துவிட்டது. ஜனவரியில் வருகிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் நாடு முழுக்கச் சுற்றப்போகிறாள். மகளுக்கு இப்போது பதினெட்டு வயது.

யுனுவென் அம்பாரோவை அம்மா என்று கூப்பிட்டாள். கைபேசியில் இருப்பவளை நியெவெஸம்மா என்று கூப்பிட்டாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. குழப்பமெல்லாம் அம்பாரோவுக்குத்தான். சமீப காலமாக, தூங்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி அவளோடு படுத்துக்கொண்டது. அந்த ஒரு மாதம் முடிந்ததும் இந்தப் பெண் எங்கே இருப்பாள்?

"முதல்ல கடல்," என்றாள் நியெவெஸ். "நான் கடலப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமாடி? இங்க ஏரிய வச்சுக்கிட்டு கடல்னு நெனச்சுக்கச் சொல்றாங்க. அலையே கெடையாது, வாத்துதான் இருக்கு."

யுனுவென் சிரித்துக்கொண்டே மேற்குக் கரையில் ஒரு காய்ந்த பீன்ஸ் விதையை வைத்தாள். லோத்தெரியா ஆடும்போது படங்களின் மேல் வைக்கிற விதைகள்.

"அப்புறம் வஹாகா. அங்கேருந்து சியாபாஸ் காடு. அருவிக்குக் கீழ நின்னு படம் எடுக்கணும். அப்புறம் யுகாதான்."

"யுகாதான்ல இருந்து?"

"வெராகுரூஸ் வழியா மேல வந்து, விமானம் பிடிச்சு சிவாவா. மலை ரயில். பள்ளத்தாக்கு ஓரமா போகுமே, அது."

விதைகள் வரைபடத்தில் வளைந்து வளைந்து ஏறின. மேஜையின் மறுமுனையில் சோலே பன்றிக்கறியைத் தோர்த்தியாவில் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் பழச்சாறு விற்பவள். யுனுவெனின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தாய். அந்த உறவில் அம்பாரோவுக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கும் அம்பாரோ கொமாத்ரேதான்.

"பாரேன், ஒரே மாசத்துல மொத்த நாட்டையும் முடிச்சிருவா போல," என்றாள் சோலே. "நான் பக்கத்துல ஹகோனா ஊருக்குப் போறதுக்கே மூணு நாள் யோசிக்கிறேன்."

"நீ யோசிக்கறது போறதுக்கில்ல, கடைய மூடறதுக்கு," என்றாள் அம்பாரோ.

"மலை முடிஞ்சதும் பாலைவனம்," என்றது கைபேசி. "சமலாயுகா மணல்மேடு. வெள்ளையா, அலை அலையா இருக்குமாம். அதுக்கு ஹுவாரெஸ் போயிடணும், அங்கேருந்து பக்கம்."

சோலே மெல்வதை நிறுத்தினாள்.

இந்த ஊரில் யாரும் எல்லையோரத்து ஹுவாரெஸுக்கு மணல் பார்க்கப் போவதில்லை. அந்தப் பக்கம் குடியேற வீசா வேண்டுமென்றால் நேர்காணல் அங்கேதான். யார் வீட்டிலாவது பெட்டி கட்டினால், "ஹுவாரெஸா?" என்று கேட்பார்கள். "ஆமா, தேதி வந்துடுச்சு" என்று பதில் வரும். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

அம்பாரோ கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். குரலை முடிந்தவரை லேசாக வைத்துக்கொண்டாள்.

"மணல் பாக்கவா அவ்வளவு தூரம்?"

"ஆமாக்கா. வெவ்வேற மாதிரி எல்லாத்தையும் பாக்கணும்ல. கடல் பாத்தா பாலைவனமும் பாக்கணும்."

"அதுக்கப்புறம்?"

நியெவெஸ் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டாள். "அப்புறம் என்ன, நேரா உங்க வீட்டுக்கு. காலை நீட்டி ஓய்வெடுக்க வேண்டியதுதான்."

அம்பாரோவே ஒரு விதையை எடுத்து, பெயரில்லாத அந்தக் கோடுகளுக்கு நடுவில், சமோரா இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். கடைசி ஊர். வீடு. யுனுவென் அந்த விதையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலைவரை அம்பாரோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பேரும் களைத்து வருவார்கள், சோளமும் கறியும் போட்டு பொசோலே வைக்க வேண்டும், பெரிய கட்டிலில் அவர்களைப் படுக்க வைத்துவிட்டுத் தான் கடையில் பாய் போட்டுக்கொள்ளலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். சோலே பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் பேசாமலிருப்பது அவள் வழக்கமில்லை.

"கொமாத்ரே."

"ம்?"

"உங்க வீட்டுக்குன்னாளே. எந்த வீடு?"

"எந்த வீடுன்னா? இந்த வீடுதான். இங்க எத்தனை வீடு இருக்கு?"

"போன மாசம் வந்த பொம்பளைகிட்ட நீ உன் விலாசம் எப்படிச் சொன்ன? 'உங்க வீடு ஹிதால்கோ தெருவுல, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல.' நான் என் வீட்டப் பத்திப் பேசினா எப்படிப் பேசறேன்? 'நேத்து உங்க வீட்டுல கறி செஞ்சோம்.' நம்ம ஊர்ல மரியாதை தெரிஞ்ச எவளாவது என் வீடுன்னு சொல்றாளா?"

அப்படியானால் நியெவெஸ் சொன்னது சிகாகோவில் இருக்கும் அவள் வீடாகவும் இருக்கலாம். அம்பாரோவின் கை சோப்பு நீருக்குள் நின்றது.

"ஸ்பெயின்லேருந்து அந்தப் பாதிரியார் வந்தாரே, ஞாபகமிருக்கா?" என்றாள் சோலே. "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல சாப்பாடு ஃபாதர்னு சொல்லிட்டு வந்தேன். மனுஷன் தன் வீட்டுலயே உக்காந்து சாயங்காலம் வரைக்கும் எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு. பசி மயக்கத்துல பூசைய வேற சீக்கிரமா முடிச்சாரு."

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"அவர் வெளியூர்க்காரர். நியெவெஸ் என் தங்கச்சி," என்றாள் அம்பாரோ. "கூடப் பொறந்தவகிட்ட எதுக்கு மரியாதைப் பேச்சு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். முன்னெல்லாம் அவ உன்னை எப்படிக் கூப்பிடுவா? 'ஏய் அக்கா, நீ இங்க வா.' இப்ப பாரு. உங்க வீட்டுக்கு. ரெண்டு மூணு மாசமாவே நீங்க, உங்கன்னுதான் பேசறா. நீ கவனிக்கலயா?"

கவனித்திருந்தாள். அந்தப் பக்கம் போய் நாகரிகம் கற்றுக்கொண்டாள், வயதான அக்காவுக்கு மதிப்புக் கொடுக்கிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தாள். ஒருவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளப் போகும்போதும் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"தெரியாமப் பேசாத," என்றாள். "தட்டுல எண்ணெய் போகல, மறுபடி குடு."

அந்த வாரம் முழுக்க அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன என்று யாரும் நினைக்கலாம். "எந்த வீடு?" இரண்டே சொல். ஆனால் ஒருத்தி உங்கள் வீடு என்று சொன்னபிறகு எந்த வீடு என்று திருப்பிக் கேட்பது, விருந்தாளியிடம் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பது போல. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. கேட்காதவரை கடைசி விதை சமோராவில்தான் இருக்கிறது. வரைபடத்தைச் சுருட்டாமல் மேஜையிலேயே விட்டு வைத்தாள். சாப்பாட்டை ஓரமாக வைத்துச் சாப்பிட்டார்கள்.

கடையில் நகலெடுக்கும் இயந்திரம் ஓயாமல் ஓடியது. புதன்கிழமை ஒரு பெண் பிறப்புச் சான்றிதழ்களைக் கொண்டுவந்தாள். அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தாள். தாயும் மகளும் ஒரே மாதிரி மூக்கு.

"ரெண்டு ரெண்டா போடுங்க சென்யோரா. மூலையில மடிப்பு விழாம."

"ஹுவாரெஸா?" அம்பாரோவின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"ஆமா. தேதி வந்துடுச்சு."

பச்சை வெளிச்சம் கண்ணாடியின் அடியில் ஓடித் திரும்பியது. எத்தனை வீட்டுப் பிரிவுகளை இந்த இயந்திரத்தில் நகலெடுத்துக் கொடுத்திருப்பாள்! நல்லபடியா போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதில் 'வாங்க' என்பது வெறும் வாய்ச்சொல் என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பெண் போனபிறகு தாய் மட்டும் கல்லாவருகே ஒரு நொடி நின்றாள். "பென்சில் இருக்கா?" என்று கேட்டாள். ஒன்று வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது தேவையில்லை, மகளுக்குப் பின்னால் உடனே வெளியே போக முடியவில்லை, அவ்வளவுதான் என்று அம்பாரோவுக்குப் பட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை கடையைச் சாத்தும் நேரத்தில் யுனுவென் பள்ளியிலிருந்து வந்து, மேல் அலமாரியில் வண்ணத்தாள்களை அடுக்க ஏறினாள். இடது கையை மட்டும் தூக்கினாள்.

"வலது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. விளையாட்டுல இடிச்சுக்கிட்டேன்."

"எங்க, காட்டு."

"விடும்மா."

"காட்டுன்னு சொன்னேன்."

சட்டைக் கையை மேலே தள்ளினாள். தோளுக்குக் கீழே தடித்துச் சிவந்திருந்தது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டிய தடம். ஹுவாரெஸில் வைத்தியப் பரிசோதனை உண்டு, தடுப்பூசியெல்லாம் முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனால் நல்லது என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்வதை அம்பாரோ ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள்.

தெருவில் சோலே கூடைகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"தேதி வந்துடுச்சா?" என்றாள் அம்பாரோ. எல்லோரிடமும் கேட்பதுபோலவே.

யுனுவென் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஜனவரி கடைசில."

"அப்ப மணல்?"

"மணலும் நிஜமாவே பாக்கணும்மா. அது பொய்யில்ல."

அம்பாரோவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. விழுங்கினாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நியெவெஸம்மா நேர்ல வந்து சொல்றேன்னாங்க. போன்ல சொன்னா உன் மூஞ்சியப் பாக்க முடியாதாம்."

"நேர்ல வந்தா? எப்ப? அவ இங்க வந்து எறங்கின அன்னைக்கா? இல்ல, நீங்க ரெண்டு பேரும் எல்லைப் பாலத்துல ஏறினப்புறமா?"

யுனுவென் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அவளிடமும் முழுதாகச் சொல்லப்படவில்லை.

"நீ போகணும்னு நெனக்கறியா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான், இதைக் கேட்காமலிருக்கத்தான் வாரம் முழுக்க மற்றதைக் கேட்காமலிருந்தோம் என்று அம்பாரோவுக்குப் புரிந்தது. நியெவெஸ் கூப்பிடுவது ஒன்று. இவள் போக விரும்புவது வேறு. முதலாவதோடு சண்டை போடலாம்.

யுனுவென் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "ஆமாம்மா," என்றாள் மெதுவாக. "அங்க நர்ஸ் படிக்கணும். அவங்க கூடவும் கொஞ்ச நாள் இருந்து பாக்கணும். அவங்க எப்படித் தூங்குவாங்க, எதுக்குக் கோவப்படுவாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாது. மூஞ்சி மட்டும்தான் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "உன்னை விட்டுட்டுப் போகணும்னு இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. நான் என்ன பண்ண?"

அம்பாரோ ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் மேல் அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தத் தாள் கிடைக்கட்டும் என்று கன்னி மரியாவிடம் தங்கைக்காக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். ஏற்றும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் தாமதமாக என்று உள்ளுக்குள் ஒரு குரல் சேர்த்துக்கொண்டே இருந்தது. மாதா எந்தக் குரலைக் கேட்டாளோ.

"கிடைச்ச உடனேயே கடக்கணுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வீசா கையில வந்தா ஆறு மாசத்துக்குள்ள போனாப் போதுமாம்."

"அது உன் நியெவெஸம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்கதான் சொன்னாங்க."

அம்பாரோ கீழே கிடந்த வண்ணத்தாள்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மேலே நீட்டினாள். யுனுவென் இடது கையால் வாங்கி அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தபோது அம்பாரோ மேஜைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. சோலே வாசலருகே நின்றாள். போகச் சொல்லவில்லை, அதனால் போகவில்லை.

"அக்கா! நீங்களா எடுத்தீங்க? யுனுவென் எங்க?"

"இங்கதான் இருக்கா. பயணத்துல ஒரு சின்ன மாத்தம், அதப் பேசணும்."

"என்ன மாத்தம்?"

அம்பாரோ வரைபடத்தின் மேல் கையை வைத்து எல்லா விதைகளையும் ஓரமாகத் தள்ளினாள். நாடு மறுபடி வெறும் கோடானது. அதை நியெவெஸுக்குத் தெரியும்படி கைபேசியைச் சாய்த்தாள்.

"முதல்ல ஹுவாரெஸ்," என்று உச்சியில் ஒன்றை வைத்தாள். "வேலைய முடிச்சுடுங்க. அப்புறம் மணல், அப்புறம் மலை ரயில். அப்படியே கீழ எறங்கி யுகாதான், சியாபாஸ், வஹாகா. கடைசில கடல். கடல்லேருந்து இங்க ஒரு நாள் பஸ்ஸு."

படம் உறைந்துவிட்டதோ என்று யுனுவென் எட்டிப் பார்த்தாள். உறையவில்லை. நியெவெஸ் கண் கொட்டினாள்.

"அவ சொல்லிட்டாளா?"

"அவ சொல்லல. அவ கை சொல்லுச்சு."

"அக்கா, நானே நேர்ல..."

"எந்த வீடு நியெவெஸ்?"

"என்ன?"

"பாலைவனம் முடிஞ்சதும் உங்க வீட்டுக்குன்னியே. எந்த வீடு?"

நியெவெஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கைபேசி ஆடியது, கூரை தெரிந்தது, ஒரு விளக்கு தெரிந்தது. வாசலில் சோலே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியலக்கா," என்று குரல் மட்டும் வந்தது. "சொல்லும்போது எனக்கே தெரியல. வாயில அப்படி வந்துடுச்சு. நீங்க எப்படி எடுத்துக்கறீங்களோ அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எடுத்துக்கிட்டேன். வாரம் பூரா பொசோலேக்கு சோளம் ஊற வைக்கறதப் பத்தி யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"திட்டுங்க."

"திட்டல. வழியத்தான் மாத்தறேன். ஹுவாரெஸ் முதல்ல."

"அது முடியாதுக்கா." இப்போது முகம் திரும்பி வந்தது. மூக்கு சிவந்திருந்தது. "ஹுவாரெஸ் கடைசில இருந்தா பாலம் மட்டும்தான். நாலு எட்டு நடந்தா அந்தப் பக்கம். யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. இங்கேருந்து கெளம்பினா நீ வாசல்ல நிப்ப. ஒரு தடவை அந்த வாசல்லேருந்து நான் கெளம்பியிருக்கேன். அவ உன் இடுப்புல இருந்தா. கைய நீட்டி நீட்டி அழுதா. நான் திரும்பிப் பாக்காம மூலை வரைக்கும் நடந்தேன். மறுபடி என்னால அதச் செய்ய முடியாதுக்கா. என்னைச் செய்யச் சொல்லாத."

யுனுவென் அசையாமல் நின்றாள். இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அம்பாரோ சொன்னதில்லை. அந்த அழுகை எத்தனை நாள் நீண்டது, எப்படி ஒரு நாள் தானாக நின்றது, நின்ற அன்று அது தனக்கு வெற்றி போலவும் திருட்டு போலவும் இருந்தது, இதெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடியதா?

"இந்தத் தடவை அவளுக்கு நடக்கத் தெரியும்," என்றாள் அம்பாரோ. "அவளே நடந்து போவா. ஆனா வாசல் வழியா போகட்டும். மணல் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனவ அப்படியே வரலேன்னு நான் அலமாரியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. இவ துணிமணிய யாரு மடிச்சுக் குடுப்பா? இவ சிநேகிதிகளுக்கு யாரு சொல்லுவா? நீ எப்படிப் போனியோ அப்படி இவளும் போகணும்னு என்ன இருக்கு? உனக்குத் தாள் இல்ல, ஒளிஞ்சு போன. இவளுக்குத் தாள் இருக்கே."

நியெவெஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தேதிக்கு அப்புறம் எத்தனை நாள் தங்க முடியும்னு பாக்கணும்," என்றாள்.

அது சம்மதம்தான். வாசலில் சோலே மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

யுனுவென் மேஜைக்கு வந்து, தள்ளிவிட்ட விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய வழியில் வைத்தாள். கடற்கரையில் வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நீயும் வாயேன்."

"ஆமாக்கா, நீயும் வா," என்றாள் நியெவெஸ் உடனே. இந்த யோசனை முன்பே வராமல் போனதில் அவளுக்கு வெட்கம் போலிருந்தது. "இத்தனை வருஷமா வரைபடம் விக்கற, குவாதலஹாராவத் தாண்டிப் போயிருக்கியா?"

"கடைய நான் பாத்துக்கறேன்," என்றாள் சோலே. "அந்த இயந்திரம் தாளைத் தின்னா ஒரு உதை விட்டா போதும்ல? என் புருஷனுக்கும் அதான் பண்றேன்."

அம்பாரோவுக்கு ஆசையாக இருந்தது. ஆசை எவ்வளவு பெரிதென்று கண்டு அவளே அசந்துபோனாள். அருவி, காடு, அந்த வெள்ளை மணல். பிறகு பஸ்ஸை நினைத்தாள். பஸ்ஸில் இரண்டிரண்டு இருக்கை. மூன்று பேர் போனால் ஒருத்தி நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். தான் அங்கே உட்கார்ந்தாலும், தாகம் எடுத்தால் பெண் அம்பாரோவின் பக்கம்தான் திரும்புவாள். காது வலித்தால் இங்கேதான் திரும்புவாள். ஒரு மாதம் முழுக்க பக்கத்து இருக்கையில் நியெவெஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவாள். அந்தப் பெண் எதற்குக் கோபப்படுவாள் என்று அவளுக்கு ஒருநாளும் தெரியாமல் போகும்.

"நான் வரல," என்றாள்.

"ஏன்க்கா? கோவமா?"

"கோவம் இருக்கு. அதுக்காக இல்ல." வரைபடத்தில் சிவாவாவின் மலைகள் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தேய்த்தாள். அங்கே வளைவுகள் நிறைய இருக்கும் என்று கேள்வி. "மலைப் பாதையில இவளுக்கு வாந்தி வரும். தெரியுமா உனக்கு?"

நியெவெஸ் பொய் சொல்லியிருக்கலாம். அம்பாரோ ஒரு கணம் அதற்காகக் காத்திருந்தாள்.

"தெரியாதுக்கா," என்றாள் நியெவெஸ். எங்கிருந்தோ ஒரு பேனாவைத் தேடி எடுத்தாள். "சொல்லு."

"முன்னால சீட்டுல உக்கார வை," என்று ஆரம்பித்தாள் அம்பாரோ. "வயிறு காலியா கெளம்ப விடாத. எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில வச்சுக்கோ, மோந்து பாக்க. வாந்தி வரப்போகுதுன்னா சொல்ல மாட்டா, பேச்சு நின்னுடும், காது மடல் வெளுக்கும். அப்ப வண்டிய நிறுத்தச் சொல்லிடு. எடுத்து முடிச்சதும் யாரும் பேசக்கூடாது, தொடவும் கூடாது. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே வந்து உன் தோள்ல சாஞ்சுக்குவா."

"அம்மா!" என்றாள் யுனுவென், முகம் சிவந்து.

"சும்மா இரு," என்றாள் அம்பாரோ. "இன்னும் முடியல."